418 மதிப்பெண், ஆளுக்கொரு யோசனை: பத்தாவது முடித்த மகளை எதில் சேர்ப்பது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்து 418 வாங்கியிருக்கிறாள். பள்ளியில் கணிதம், உயிரியல் உள்ள குரூப்பை எடுக்கச் சொல்கிறார்கள். தாய்மாமா பாலிடெக்னிக்கில் சேர்த்துவிடுங்கள் என்கிறார். அவளோ காமர்ஸ்தான் வேண்டும் என்கிறாள். இதற்கு நடுவில், விரல் ரேகையைப் பார்த்துப் பிள்ளைக்கு ஏற்ற படிப்பைச் சொல்கிறோம் என்று ஒரு மையத்தில் 6,500 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த குரூப் என்பதுதான் கேள்வி போலத் தெரிகிறது. ஆனால் கடைசி வரியில் "நான் எட்டாவதோடு நின்றவன், தப்பான முடிவெடுத்து அவள் வாழ்க்கையைக் கெடுத்துவிடக் கூடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொல்வதை நம்புவது, தப்பாகிவிட்டால் திரும்பி வர வழி இருக்கிறதா, இதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் 22 வருடமாக இயற்பியல் எடுக்கிறேன். கடைசிச் சில வருடங்களாக உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில் உங்களைப் போன்ற அப்பா அம்மாக்கள் என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருவார்கள். நான் உங்கள் மகளை நேரில் பார்த்ததில்லை. அதனால் அவள் இதைத்தான் படிக்க வேண்டும் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, சொல்பவரை நீங்கள் நம்பவும் கூடாது. ஆனால் எந்த முடிவு எந்தக் கதவை மூடும், எதை மூடாது என்று உறுதியாகச் சொல்ல முடியும். பயத்தில் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

முதலில் அந்த 6,500 ரூபாய். கொடுக்காதீர்கள். விரல் ரேகை குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகிறது. அதற்கும் ஒரு பிள்ளைக்குக் கணக்கு வருமா, கணக்குப்பதிவு வருமா என்பதற்கும் தொடர்பு இருப்பதாக அறிவியல் எங்கும் நிரூபிக்கவில்லை. நாற்பது பக்கத்துக்குக் கலர் கலராக அறிக்கை தருவார்கள். அதில் "உங்கள் குழந்தை பொறுப்பானவர், சில நேரம் பிடிவாதம் பிடிப்பார்" என்று இருக்கும். எந்தப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாது? கேள்வித்தாள் கொடுத்து ஆர்வத்தையும் திறனையும் அளக்கிற சோதனைகள் வேறு வகை. அவற்றின் பின்னால் ஆராய்ச்சி இருக்கிறது, நல்ல ஆலோசகர் கையில் பேச்சைத் தொடங்க உதவும். ஆனால் அதுவும் பேச்சைத் தொடங்கத்தான். நேற்று இரவு தூங்காமல் வந்த பிள்ளையும், தனக்கு எந்த வேலையைப் பற்றியும் தெரியாத பிள்ளையும் கட்டத்தில் டிக் அடித்த விடையை வைத்து முடிவெடுக்கக் கூடாது. "உனக்கு ஆய்வகத்தில் வேலை செய்யப் பிடிக்குமா" என்று கேட்டால், ஆய்வகத்தையே பார்க்காத பிள்ளை என்ன பதில் சொல்லும்?

அடுத்து மதிப்பெண். 418 என்ற கூட்டுத்தொகையை மறந்துவிட்டு, நீங்கள் எழுதியிருக்கிற பாட வாரியான மதிப்பெண்ணைப் பாருங்கள். தமிழ் 97, ஆங்கிலம் 92, கணக்கு 62, அறிவியல் 71, சமூக அறிவியல் 96. மொழிப் பாடங்களும் சமூக அறிவியலும் சேர்ந்து 285. கணக்கும் அறிவியலும் சேர்ந்து 133. பள்ளியில் "நானூறுக்கு மேல, ஃபர்ஸ்ட் குரூப் போட்டுருங்க" என்று சொல்வது அந்த 285 தூக்கிவிட்ட கூட்டுத்தொகையைப் பார்த்து. பதினொன்றாம் வகுப்பில் அவள் தினமும் மல்லுக்கட்டப் போவது அந்த 133-ஓடு.

அறிவியல் 71 என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அதில் 25 செய்முறைக்கு. அந்த 25-ஐ எங்கள் பள்ளிகளில் பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகவோ, ஒன்றிரண்டு குறைவாகவோ வாங்கிவிடுவார்கள். அப்படியானால் எழுத்துத் தேர்வில் 75-க்கு 46 அல்லது 47தான் வந்திருக்கும். கணக்கிலும் ஜியாமெட்ரிக்கு 8, கிராஃபுக்கு 8 என்று பயிற்சியால் வாங்கக்கூடிய 16 இருக்கிறது. அது போக மீதியில் எவ்வளவு வந்தது, எங்கே விட்டாள் என்று அவளையே கேளுங்கள். "நேரம் பத்தலை" என்றால் ஒரு அர்த்தம். "அல்ஜீப்ராவே புரியலை" என்றால் வேறு அர்த்தம். இதை ஒரு பிள்ளையைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இரண்டாவது பாடத்திலேயே வெக்டர் வரும், வகை நுண்கணிதம் வரும். கணக்கு ஆசிரியர் அதைக் கற்றுக்கொடுக்கிற மாதம் வருவதற்குள் நான் அதைப் பயன்படுத்தி நடத்தியாக வேண்டும். கணக்கில் நல்ல பிடி உள்ள பிள்ளைகளே ஜூலை மாதத்தில் திணறுவதை வருடா வருடம் பார்க்கிறேன். பத்தாவது கணக்கு பாரமாக இருந்த பிள்ளைக்கு அது இரண்டு வருட வேதனை.

இதை நான் தெரிந்துதான் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு பையன் விஷயத்தில் நானே தப்பு செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால், நானூற்று முப்பதுக்கு மேல் வாங்கிய பையன். ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் சேர வேண்டும் என்று சொன்னான். அவனுடைய அம்மாவிடம் "இவ்வளவு மார்க் வாங்கின பிள்ளையை ஐடிஐக்கு அனுப்புவீங்களா, கணக்கு உயிரியல் போடுங்கம்மா" என்று நான்தான் சொன்னேன். அந்தம்மா என்னை நம்பினார். காலாண்டில் மூன்று பாடத்தில் ஃபெயில். டிசம்பரில் வருவதை நிறுத்திவிட்டான். தேடிக்கொண்டு போனபோது, தெருவில் புதிதாகக் கட்டுகிற ஒரு வீட்டில் சுவரைக் கொத்திக் குழாய் பதித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். "டீச்சர், நான் முதல்லயே சொன்னேன்ல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்றும் உறுத்துகிறது. அதன் பிறகு ஐடிஐயில் சேர்ந்தான். ஆனால் நடுவில் போன காலம் என் வார்த்தையால் போனது. அன்றிலிருந்து மதிப்பெண்ணைப் பார்த்ததும் வாயைத் திறக்கிற பழக்கத்தை விட்டேன். பள்ளியில் சொல்கிறவர்களும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை அறிவியல் படிக்க வேண்டும் என்பது எங்கள் தலைமுறை ஆசிரியர்களுக்கு ஊறிப்போன எண்ணம்.

சரி, கதவுகளுக்கு வருவோம். பதினொன்றாம் வகுப்பில் கணக்கை விட்டால் மூடிக்கொள்வது முக்கியமாக இவைதான்: தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு வழியாக பி.இ., பி.டெக். (அங்கே கட்ஆஃப் 200-இல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50), பி.ஆர்க்., கப்பல் துறைப் படிப்புகள், என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) வழியாகக் கடற்படையும் விமானப்படையும், கல்லூரியில் கணக்கு, இயற்பியல் பட்டப்படிப்பு. உயிரியலை விட்டால் மூடுவது மருத்துவம், சித்தா ஆயுர்வேதம், பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி, கால்நடை மருத்துவம், பாராமெடிக்கல் பட்டப்படிப்புகள். உங்கள் மகள் இந்த இரண்டு பட்டியலில் எதையாவது மனதில் வைத்திருக்கிறாளா என்று நேராகக் கேளுங்கள். "நர்ஸ் ஆகணும்னு ஆசைதான், ஆனா அறிவியல் பயமா இருக்கு" என்று சொன்னால் விஷயம் வேறு. அப்போது கணக்கு இல்லாமல் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப் என்று ஒன்று இருக்கிறது. நீட் எழுதவும் கணக்கு தேவையில்லை. கணக்கும் வேண்டும் உயிரியலும் வேண்டும் என்று இரண்டையும் தூக்கிச் சுமக்கச் சொல்வது "எதுக்கும் இருக்கட்டும்" என்கிற பயத்தில்தான்.

காமர்ஸ் எடுத்தால் எதுவும் மூடாத பக்கம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் பெற்றோரிடம் எடுத்துச் சொல்வதில்லை. ஐந்து வருடச் சட்டப்படிப்புக்கு எந்த குரூப்பும் போதும். வடிவமைப்புக் கல்லூரிகளான என்ஐடி (NID, பொறியியலுக்கான NIT இல்லை), நிஃப்ட் நுழைவுத்தேர்வுக்கும், ஓட்டல் மேலாண்மைக்கும், விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியலுக்கும், ஆங்கிலம், பொருளாதாரம், வரலாறு, சமூகப்பணி பட்டப்படிப்புகளுக்கும் எந்த குரூப்பும் போதும். டிஎன்பிஎஸ்சி குரூப் 2, குரூப் 1, யூபிஎஸ்சி, வங்கித் தேர்வுகள் எல்லாம் ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் எழுதலாம். கம்ப்யூட்டர் பக்கம் போக வேண்டும் என்று பின்னால் தோன்றினாலும் வழி அடைபடாது. பல கல்லூரிகளில் பிசிஏ-வுக்கு காமர்ஸ் பிள்ளைகளை எடுக்கிறார்கள். சென்னை ஐஐடி இணையவழியில் நடத்துகிற டேட்டா சயின்ஸ் பி.எஸ். பட்டத்துக்கு எந்த குரூப்பில் பிளஸ் டூ முடித்தவரும் விண்ணப்பிக்கலாம், பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நேரடியாக இடம் தர மாட்டார்கள், சில வாரம் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைப்பார்கள். அதில் கணக்கு இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

ஆடிட்டர் படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காமர்ஸ் என்றாலே சி.ஏ. என்று பிள்ளைகள் சொல்வார்கள். பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் எழுதலாம், எந்த குரூப்பும் தடையில்லை. அப்புறம் இன்டர்மீடியட், பிறகு ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சி. முன்பு மூன்று வருடமாக இருந்த அந்தப் பயிற்சி 2023-இல் வந்த புதிய திட்டத்தில் இரண்டு வருடமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஃபைனல். கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு குறைவு, ஆனால் தேறுகிறவர்கள் விகிதம் மிகக் குறைவு. பல முறை எழுதித் தேறுகிறவர்களே அதிகம். ஃபவுண்டேஷனில் கணக்கும் தர்க்கமும் புள்ளியியலும் சேர்ந்த தாள் ஒன்று உண்டு. கணக்கு பயத்தில் காமர்ஸுக்கு ஓடி வருகிற பிள்ளைக்கு இதை முன்பே சொல்லிவிட வேண்டும். பி.காம். படித்துக்கொண்டே முயன்று பார்ப்பது பெரும்பாலான குடும்பங்களுக்குப் பாதுகாப்பான வழி.

மாமா சொல்கிற பாலிடெக்னிக்கையும் தள்ளிவிடாதீர்கள். அவர் நல்ல கணக்குதான் போட்டிருக்கிறார். பத்தாவது முடித்து மூன்று வருட டிப்ளமோ. வேலைக்குப் போகலாம், அல்லது நேரடியாக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேர்ந்து மூன்று வருடத்தில் இன்ஜினியர் ஆகலாம். மூன்றும் மூன்றும் ஆறு. பிளஸ் டூ வழியாகப் போனால் இரண்டும் நான்கும் ஆறு. காலம் ஒன்றுதான், ஆனால் டிப்ளமோ வழியில் நடுவிலேயே கையில் ஒரு தகுதி வந்துவிடுகிறது. குடும்பத்தில் திடீரென்று ஏதாவது ஆகிவிட்டால் பதினெட்டு வயதில் வேலை தேட முடியும். அரசு பாலிடெக்னிக்கில் கல்விக் கட்டணமும் சொற்பம். இதன் மறுபக்கம் என்னவென்றால், முதல் வருடத்திலேயே கணக்கு இருக்கிறது, நுண்கணிதம் இருக்கிறது, பாடமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். மகள் தமிழ் வழியில் படித்தவளாக இருந்தாலும் ஆங்கிலத்தில் 92 வாங்கியவள், மொழியைச் சமாளித்துவிடுவாள். கணக்கில் 62 உள்ள பிள்ளை அந்த முதல் வருடத்தில் எப்படி இருப்பாள் என்பதுதான் எனக்கு யோசனை. பி.இ. இரண்டாம் வருடத்தில் சேர்கிற டிப்ளமோ பிள்ளைகளில் நிறையப் பேர் அரியர் வைப்பதும் கணக்கில்தான்.

ஆனால் மதிப்பெண் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் பார்த்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்தில் உள்ள அரசு ஐடிஐக்கு அழைத்துக்கொண்டு போவேன். ஒரு தடவை ஃபிட்டர் பிரிவில் ஒரு பையன் இரும்புத் துண்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். நாலு இழுப்பு இழுப்பான், மூலைமட்டத்தை அதன்மேல் வைப்பான், ஜன்னல் பக்கம் திரும்பித் தூக்கிப் பிடிப்பான். இரும்புக்கும் மட்டத்துக்கும் நடுவில் வெளிச்சக் கோடு தெரிந்தால் மறுபடி வைஸில் மாட்டி ராவுவான். என்னோடு வந்த பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் நகரவில்லை. வகுப்பில் பேசவே பேசாத பிள்ளை. "அண்ணா, இன்னும் வெளிச்சம் வருது, இந்த ஓரத்துல" என்று சுட்டிக் காட்டினாள். பஸ்ஸில் திரும்பும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, பொம்பளைப் பிள்ளைங்களைச் சேர்ப்பாங்களா டீச்சர் என்று கேட்டாள். சேர்ப்பார்கள். அவள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுத்தாள். அவளுக்கும் கணக்கில் அறுபத்துச் சொச்சம்தான். பொருளைக் கையில் வைத்துப் பார்த்தபோது அதே கணக்கு அவளுக்குப் புரிந்தது. உங்கள் மகள் அப்படிப்பட்டவளா என்பதை விரல் ரேகை சொல்லாது, நானும் சொல்ல முடியாது. ஒரு பட்டறைக்குள் அரை மணி நேரம் நின்றால் அவளுக்கே தெரிந்துவிடும்.

அவள் கேட்கிற காமர்ஸையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏன் காமர்ஸ் என்று கேளுங்கள். கேட்கிற விதம் முக்கியம். "ஏன்?" என்று நேரடியாகக் கேட்டால் குற்றம் சாட்டுவது போல இருக்கும், தோளைக் குலுக்குவாள். நான் வேறு மாதிரி கேட்பேன்: "கண்ணு, உன் ஃப்ரெண்ட் நாளைக்கு வேற குரூப் எடுத்துட்டா நீ என்ன பண்ணுவே?" உடனே முகம் மாறினால் அவள் கேட்டது தோழியை. அது தப்பில்லை, பதினைந்து வயதில் தோழி பெரிய விஷயம், ஆனால் அது படிப்பைப் பற்றிய காரணம் இல்லை. "இருந்தாலும் இதான் எடுப்பேன்" என்றால் அடுத்து அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒரு பிள்ளை என்னிடம் சொன்னாள், அவள் அம்மா மகளிர் குழுத் தலைவி, வாராவாரம் குழுவின் வரவு செலவு நோட்டை இவள்தான் எழுதுகிறாள், ஒரு தடவை நாற்பது ரூபாய் இடித்தது, ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து ஒரே தவணையை இரண்டு இடத்தில் எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தாள் என்று. அதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் குரலே மாறியது. கணக்குப் பாடத்தில் அவள் மதிப்பெண் சுமார்தான். ஆனால் கணக்குப்பதிவு என்கிற பாடத்துக்கு வேண்டிய குணம் அதுதான்.

இன்னொரு எளிய சோதனை இருக்கிறது, காசு செலவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல், பொருளியல், இயற்பியல், கணிதம் நான்கையும் போனில் இறக்கிக் கொடுங்கள், அல்லது பக்கத்து வீட்டு அக்காவின் பழைய புத்தகத்தை வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் முதல் பாடத்தை அவள் தானாகப் படிக்கட்டும். நாலு நாள் போதும். எதைப் பாதியில் மூடினாள், எதைப் பற்றிச் சாப்பிடும்போது பேசினாள் என்று கவனியுங்கள். எனக்குத் தெரிந்த எந்தக் கட்டணச் சோதனையையும்விட இது நம்பகமானது.

காமர்ஸ் என்று முடிவானால் அதற்குள்ளும் பிரிவு இருக்கிறது. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியலோடு நான்காவது பாடமாகப் பள்ளிக்குப் பள்ளி வெவ்வேறு பாடம் இருக்கும். கணினிப் பயன்பாடுகள் இருந்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள். வணிகக் கணிதமும் புள்ளியியலும் உள்ள பிரிவு பல பட்டப்படிப்புகளுக்கு இன்னும் அகலமான வாசல், ஆனால் அதுவும் கணக்குதான் என்பதால் அவளைக் கேட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் பள்ளியில் என்ன இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். எல்லா அரசுப் பள்ளியிலும் எல்லாப் பிரிவும் கிடையாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வேண்டிய பிரிவு இல்லை என்றோ, "தனியார் பள்ளியில் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்" என்றோ பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடாதீர்கள். 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடுகிறது. கடைசி இரண்டு வருடம் மாறினால் அந்த உரிமை போய்விடும். மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டத்துக்கும் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். 2022-இல் தொடங்கிய திட்டம் அது. கல்லூரிப் பட்டத்துக்கு மட்டுமென்று பலர் நினைக்கிறார்கள். பத்தாவது முடித்து டிப்ளமோவோ ஐடிஐயோ சேர்கிற பெண்களுக்கும் உண்டு. வேறு அரசுப் பள்ளிக்கு மாற்றுவதானால் பிரச்சினை இல்லை. அதே போல, தமிழ் வழியில் படித்திருந்தால் ஆங்கில வழிக்கு மாற்றும் முன் யோசியுங்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடர்ந்து தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியானது. இனி உறுதியில்லாததைப் பற்றி. "எந்தப் படிப்புக்கு எதிர்காலம் இருக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு யாராவது அடித்துச் சொன்னால் சந்தேகப்படுங்கள். இரண்டாயிரத்து ஐந்து, ஆறில் ஆசிரியர் பயிற்சிக்கு இருந்த மவுசை நான் கண்ணால் பார்த்தேன். ஊருக்கு ஊர் தனியார் பயிற்சிப் பள்ளிகள் முளைத்தன. நிலத்தை விற்றுப் பெண் பிள்ளைகளைச் சேர்த்தார்கள், "டீச்சர் வேலை எப்பவும் இருக்கும்" என்று. சில வருடங்களில் அத்தனை பேருக்கும் வேலையில்லை, அந்தப் பயிற்சிப் பள்ளிகளில் பல மூடிவிட்டன. அதற்கு முன்னால் பயோடெக்னாலஜி. மறுபக்கம், 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது சின்ன ஊர்க் கடைக்காரர்கள்கூட மாதாமாதம் கணக்கு தாக்கல் செய்ய ஆள் தேடினார்கள். அதற்குப் பத்து வருடம் முன்னால் பி.காம். சேர்ந்த பிள்ளைகளிடம் யாரும் அதைச் சொல்லியிருக்க முடியாது. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து கணக்கு எழுதுகிற வேலை போய்விடும் என்கிறார்கள். பதிவு போடுகிற வேலை குறையும் என்பது என் ஊகமும்கூட. வரியைப் புரிந்துகொண்டு, கடைக்காரரிடம் பேசி, தப்பைக் கண்டுபிடித்துச் சொல்கிற ஆள் தேவைப்படுவார் என்று நினைக்கிறேன். ஆனால் இது ஊகம்தான். ஆறு வருடம் கழித்து வரப்போகிற வேலைச் சந்தையை வைத்து இன்றைக்கு ஒரு பிள்ளையின் குரூப்பை முடிவு செய்யாதீர்கள். தான் படிப்பதில் தேறி, ஆங்கிலத்தில் தடுமாறாமல், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிற தைரியத்தோடு வெளியே வருகிற பிள்ளை ஏதாவது ஒரு வழியில் நின்றுவிடுகிறது. இரண்டு வருடம் புரியாத பாடத்தோடு போராடி "நான் மக்கு" என்று நம்பிவிட்ட பிள்ளையைத் தூக்கி நிறுத்துவதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தப்பாகிவிட்டால் என்ன என்று கேட்டீர்களே, திரும்பி வர வழிகள் இருக்கின்றன. வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களில் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து குரூப் மாற்றிக்கொள்ளலாம், அந்தப் பிரிவில் இடம் இருக்க வேண்டும். காலாண்டுக்குப் பிறகு மிகவும் கஷ்டம். அதனால் ஜூலை கடைசிக்குள் ஒரு நாள் உட்காரவைத்து, "எப்படிப் போகுது, உண்மையைச் சொல்லு, திட்ட மாட்டேன்" என்று கேட்டுவிடுங்கள். பிளஸ் டூ வரை காமர்ஸ் படித்த பிறகு பாலிடெக்னிக்தான் வேண்டும் என்று தோன்றினால் பத்தாவது தகுதியை வைத்து முதல் வருடத்தில் சேரலாம், இரண்டு வருடம் கூடும், அவ்வளவுதான். பாலிடெக்னிக் ஒத்துவரவில்லை என்றால் அடுத்த ஜூனில் பதினொன்றாம் வகுப்புக்கு வரலாம், அப்படி வந்த பிள்ளைகள் எங்கள் பள்ளியிலேயே படித்திருக்கிறார்கள். ஒரு வருடம் போவது அந்த வயதில் பெரிய அவமானமாகத் தெரியும். இருபத்தைந்து வயதில் யாரும் கேட்கப்போவதில்லை.

என் மேசைக்கு முன்னால் நீங்கள் உட்கார்ந்திருந்தால் நான் சொல்வது இதுதான். கணிதம், உயிரியல் சேர்ந்த குரூப் வேண்டாம், அவளே ஆசைப்பட்டுக் கேட்டாலொழிய. மீதி இருப்பது காமர்ஸும் பாலிடெக்னிக்கும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் என் மனம் காமர்ஸ் பக்கம் சாய்கிறது. ஆனால் அவள் ஒரு பட்டறையையும் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தையும் நேரில் பார்க்கும் வரை அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பள்ளியிலும் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் என்று ஒருவர் இருப்பார். தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில் அதற்குப் பயிற்சி பெற்றவர். அவர் யார் என்று கேட்டு, மகளோடு போய் அரை மணி நேரம் பேசுங்கள். நீங்கள் எட்டாவதோடு நின்றவர் என்பதற்காக அந்த நாற்காலியில் உட்காரத் தயங்காதீர்கள். உங்கள் மகளைப் பதினைந்து வருடமாகப் பார்த்தவர் அந்த அறையில் நீங்கள் ஒருவர்தான். போனால் வாசலில் நிற்காமல் உள்ளே வந்து உட்காருங்கள், எங்களுக்கும் அது வேண்டும். நேரில் போக முடியாத நாளில் 14417 என்ற பள்ளிக்கல்வித் துறையின் எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.

எதை முதலில் செய்வது என்றால், பாலிடெக்னிக்கை முதலில் பாருங்கள். அதற்கான ஆன்லைன் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி உண்டு, ரிசல்ட் வந்த சில நாளிலேயே நாட்கள் ஓடிவிடும். அவள் படித்த பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு இடம் அதைவிடக் கொஞ்சம் பொறுத்திருக்கும், தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ், மூன்றுக்கும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் பதிந்துவிடுங்கள். இப்போது இல்லாவிட்டாலும் பின்னால் அவை உதவலாம். இந்தத் திங்கள் அல்லது செவ்வாய், அவளையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு அரசு பாலிடெக்னிக்குக்குப் போய், பட்டறையைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். காலையில் போனால் யாராவது ஒரு ஆசிரியர் நின்று காட்டுவார். பார்த்துவிட்டு வந்து அவள் என்ன சொன்னாள் என்று இங்கேயே எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.